மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மார்பின் கொடுக்கலாமா? இரண்டும் மூளையில் என்ன செய்கின்றன?

பென்னாகரத்தான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பெரியப்பாவுக்காகக் கேட்கிறேன். பென்னாகரம் பக்கம் கிராமம். இளவயதிலேயே அவருக்கு மனச்சிதைவு நோய். ஆரம்பத்தில் கோயில், மந்திரம் என்று அலைந்துவிட்டு, பிறகு பெங்களூர் நிம்ஹான்சில் காட்டி, இப்போது அரசு மருத்துவமனையிலேயே மாதாமாதம் மாத்திரை வாங்குகிறோம். ரிஸ்பெரிடோன், கை நடுக்கத்துக்கு டிரைஹெக்சிஃபெனிடில். மாத்திரை தவறாமல் போக ஆரம்பித்த பிறகு மாடு, கேழ்வரகுக் காடு, புளி உலுக்குகிற வேலை எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார்.

இப்போது வாயில் புற்று. புகையிலை அடக்குகிற பழக்கம். வலி தாங்க முடியாமல் போனதால் மார்பின் 10 மில்லிகிராம் மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எழுதிய டாக்டரிடம் பெரியம்மா, “நரம்பு மாத்திரை சாப்பிடுகிறார்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பழைய சீட்டைக் காட்டவில்லை.

வீட்டில் இப்போது இரண்டு கட்சி. மாமா சொல்கிறார்: “ரெண்டையும் சேர்த்துக் குடுத்தா ஆள் தூக்கத்திலேயே போயிடுவார், பழைய மாத்திரையை நிறுத்து.” மருந்துக்கடையில் ஒருவர் சொன்னது: “இது டோபமினைத் தடுக்கிற மாத்திரை, இது இருக்கிறவரை மார்பின் வேலை செய்யாது.” ஒருவர் ரொம்ப வேலை செய்யும் என்கிறார், இன்னொருவர் வேலையே செய்யாது என்கிறார். எது சரி? டாக்டரைக் கட்டாயம் பார்க்கப் போகிறோம். அதற்கு முன்னால் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிய வேண்டும். தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

காவேரிப்பட்டினம் சிஸ்டர் எழுதியது:

தம்பி, மூளை விஷயத்தைப் படித்தவர்கள் வந்து சொல்லட்டும். அதற்கு முன்னால் ஒன்று: டாக்டரைப் பார்க்கும்வரை ரிஸ்பெரிடோனை நிறுத்தாதீர்கள். மார்பினையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நான் வலி நிவாரணப் பிரிவில் வேலை செய்கிறவள், வீடு வீடாகப் போகிறவள். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு இதே நிலைமை. சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்டு மனநோய் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாளில் பழைய சந்தேகம் திரும்பியது. மருமகள் கொடுக்கிற சோற்றில் விஷம், மாத்திரையில் விஷம் என்று சொல்லி மார்பினையும் துப்பிவிட்டார். வாய்ப் புண்ணைக் கழுவ யாரையும் கிட்டே விடவில்லை. வலி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அந்த மனிதர் பட்ட பாட்டை எந்த வீட்டிலும் நான் மறுபடி பார்க்க விரும்பவில்லை. திரும்பவும் மாத்திரை ஆரம்பித்து அது பிடிப்பதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன.

மார்பின் ஆரம்பித்த முதல் சில நாள் தூக்கம் அதிகமாகவே இருக்கும், அது பெரும்பாலும் தெளிந்துவிடும். தட்டி எழுப்பினால் கண் திறந்து பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். எட்டுக்குக் கீழே போய், எழுப்பியும் எழவில்லை என்றால் யோசிக்காமல் 108. படுக்கையிலிருந்து சட்டென்று எழ விடாதீர்கள், இரண்டு மருந்தும் ரத்த அழுத்தத்தை இறக்கும், தலை சுற்றி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தால் அது தனிக் கதை.

ஊத்தங்கரை எழுதியது:

மார்பின் என்றாலே கடைசிக் கட்டத்துக்குத்தானே கொடுப்பார்கள்? பழகிவிட்டால் விட முடியாது என்றும் சொல்கிறார்கள். முடிந்தவரை டிராமடால் என்ற வலி மாத்திரையிலேயே ஓட்டலாமே?

காவேரிப்பட்டினம் சிஸ்டர் எழுதியது:

கடைசிக் கட்டம் என்பதற்காகக் கொடுப்பதில்லை அண்ணா. வலி அந்த அளவுக்கு இருப்பதால் கொடுக்கிறார்கள். மார்பினில் வருடக்கணக்காக நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். உடல் அந்த மருந்துக்குப் பழகும், அதனால்தான் நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்கிறோம். அடிமையாவது என்பது வேறு. புற்றுநோய் வலிக்கு நேரம் தவறாமல் சாப்பிடுகிறவர்களிடம் அதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். இந்தப் பயத்தால்தான் நம் ஊரில் எத்தனையோ பேர் கத்திக்கொண்டே செத்தார்கள். 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, மார்பின், ஃபென்டனில், மெத்தடோன் மாதிரி மருந்துகள் நோயாளிக்குக் கிடைப்பதைச் சுலபமாக்கியதே அதற்காகத்தான்.

டிராமடால் பற்றி மருந்தாளுநர் யாராவது சொல்லுங்கள், அதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

மருந்தியல்_அரூர் எழுதியது:

நான் அரூர்க்காரி. தர்மபுரி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, இப்போது வேறு ஊரில் மருந்தியலில் மேற்படிப்பு. பென்னாகரத்தான் அண்ணா கேட்ட மூளைக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

நரம்பின் மேல் மருந்தோ வேதிப்பொருளோ வந்து ஒட்டுகிற இடத்தை ஏற்பி என்பார்கள். மார்பின் போய் ஒட்டுகிற ஏற்பிக்கு மியூ என்று பெயர். மூளை, தண்டுவடம், குடல் என்று பல இடத்தில் இது இருக்கிறது. எந்த இடத்தில் இருக்கிற மியூ என்பதைப் பொறுத்து விளைவு மாறும். உங்கள் வீட்டுச் சண்டைக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

வலி குறைவது முக்கியமாக இரண்டு இடத்தில். ஒன்று தண்டுவடத்தின் பின்பகுதி. வாயிலிருந்து வரும் வலி என்றால் மூளைத்தண்டில் அதற்கு இணையான ஒரு பகுதி. வலிச் செய்தியைக் கொண்டுவரும் நரம்பின் நுனியில் கால்சியம் நுழைவதை மார்பின் தடுக்கிறது, அதனால் செய்தியை அடுத்த நரம்புக்குக் கடத்தும் வேதிப்பொருள் குறைவாகவே வெளியாகிறது. அடுத்த நரம்பிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற வைத்து அதையும் அடங்கச் செய்கிறது. இன்னொரு இடம் நடுமூளை. அங்கிருந்து கீழ்நோக்கி வலியை அடக்கும் பாதை ஒன்று இறங்குகிறது, அதை மார்பின் தூண்டிவிடுகிறது. டோபமின் என்பதும் நரம்புகளுக்கு நடுவே செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள்தான், ஆனால் இந்த இரண்டு வேலைக்குமே அது முக்கியமான ஆள் இல்லை. ஆகவே ரிஸ்பெரிடோன் டோபமினின் டி2 ஏற்பியை அடைத்துக்கொண்டிருந்தாலும் மார்பின் வலியைக் குறைக்கும். மருந்துக்கடைக்காரர் சொன்னது தவறு.

ஆனால் அவர் எதையோ அரைகுறையாகக் கேட்டுவிட்டுச் சொல்கிறார். அது என்ன என்பதுதான் சுவாரசியமான பகுதி. நடுமூளையின் அடிப்பக்கத்தில் டோபமின் சுரக்கும் நரம்புக் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதன் கை எப்போதும் கட்டப்பட்டே இருக்கும். கட்டி வைத்திருப்பது காபா என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் பக்கத்து நரம்புகள். கே.ஆர்.பி. அணையில் ஷட்டரை இறக்கிப் பிடித்திருக்கிற ஆள் என்று காபா நரம்பை நினைத்துக்கொள்ளுங்கள். மார்பின் தண்ணீரைத் தள்ளுவதில்லை, ஷட்டர்க்காரரைத் தூங்க வைக்கிறது. ஷட்டர் தானாக ஏறுகிறது, டோபமின் பாய்கிறது. டி2 தடுப்பு மருந்து அணைக்கு வருவதே இல்லை. அது கீழே வயல் மடையை அடைக்கிறது. தண்ணீர் வருகிறது, வயலுக்குள் போவது குறைகிறது. இந்தக் காபா வழியை 1992-ல் எலி மூளைத் துண்டுகளில் மின்பதிவு செய்து ஜான்சன், நார்த் என்ற இருவர் காட்டினார்கள்.

இந்தப் பாதை “இது வேண்டும், திரும்ப வேண்டும்” என்ற நாட்டத்தோடு சம்பந்தப்பட்டது. ஆக, இரண்டு மருந்தும் எதிரெதிராக நிற்பது இந்த மாதிரி டோபமின் பாதையில்தான். வலிப் பாதையில் அந்த மோதல் இல்லை.

மாமா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மூச்சை நடத்துகிற மையம் மூளைத்தண்டில் இருக்கிறது, அங்கேயும் மியூ உண்டு. மார்பின் அதை மெதுவாக்கும். ரிஸ்பெரிடோன் மூச்சு மையத்தை நேரடியாக அந்த அளவுக்கு அமுக்காது, ஆனால் ஹிஸ்டமின் ஏற்பியையும் அட்ரினலின் ஏற்பியையும் சேர்த்து அடைப்பதால் தூக்கமும் ரத்த அழுத்தக் குறைவும் வரும். தூக்கமும் தூக்கமும் கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் ஓபியாய்டுகளை, அதாவது மார்பின் இனத்து மருந்துகளை, தூக்க மாத்திரைகளோடும், மூளையை மந்தமாக்கும் மற்ற மருந்துகளோடும் சேர்ப்பது பற்றிக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்தது. ஆன்டிசைக்கோட்டிக் என்கிற மனநோய் மருந்து வகையும் அந்த மற்ற மருந்துகளில் வருகிறது. சேர்க்கவே கூடாது என்று அதற்கு அர்த்தம் இல்லை. குறைந்த அளவில் ஆரம்பித்து, பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். அல்பிரசோலம், டையாசிபாம், சாராயம், இவைதான் மார்பினோடு சேரும்போது மூச்சுக்கு மிகப் பெரிய ஆபத்து. வீட்டில் யாராவது “தூக்கம் வரட்டும்” என்று அதைக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதியமான்கோட்டை எழுதியது:

மருத்துவர் தங்கச்சி சொன்னதோடு ஒரு வரலாற்றுச் செய்தி சேர்க்கிறேன். நான் வேதியியல் வாத்தியார். ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தும் ஃபென்டனில் என்ற வலி மருந்தும் ஒரே ஆய்வகத்தில் பிறந்தவை. பெல்ஜியத்தில் பால் யான்சன் குழு, பெத்திடின் என்ற வலி மருந்தின் மூலக்கூறை மாற்றி மாற்றி இன்னும் வலுவான வலி மருந்து தேடிக்கொண்டிருந்தது. அந்தத் தேடலில் ஒரு கிளை ஃபென்டனில் ஆனது. இன்னொரு கிளையில் வந்த பொருளை எலிக்குக் கொடுத்தால் முதலில் மார்பினின் குணமும், அப்புறம் குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்தின் குணமும் தெரிந்தது. அந்த இரண்டாவது குணத்தை மட்டும் வளர்த்தெடுத்ததில் 1958-ல் ஹாலோபெரிடால் வந்தது. ஒரே மரத்தின் இரண்டு கிளை. பிறகு மயக்கவியல் டாக்டர்கள் ஃபென்டனிலையும், ஹாலோபெரிடாலின் பங்காளியான டிரோபெரிடாலையும் வேண்டுமென்றே சேர்த்து அறுவை சிகிச்சைக்குக் கொடுத்தார்கள். நோயாளி விழித்தபடி, வலியில்லாமல், எதிலும் ஒட்டாமல் படுத்திருப்பார். சேர்ப்பதே விஷம் என்றால் அந்த முறை வந்திருக்காது.

மருந்தியல்_அரூர் எழுதியது:

சார், சரியாகச் சொன்னீர்கள். ஆனால் அது கண்காணிப்புக் கருவிகளோடு, மூச்சு நின்றால் குழாய் போட ஆள் பக்கத்திலேயே நிற்கிற இடத்தில் நடந்தது. வீட்டுக் கட்டிலுக்கு அந்த உதாரணத்தை அப்படியே கொண்டுவர முடியாது.

ஓசூர் மெடிக்கல்ஸ் எழுதியது:

டிராமடால் கேட்ட அண்ணனுக்கு. டிராமடால் விழுங்கினவுடனே முழு வலி மருந்தாகிவிடாது. கல்லீரலில் சிஒய்பி2டி6 என்ற நொதி அதை வேறொரு பொருளாக மாற்ற வேண்டும், அந்தப் பொருள்தான் மியூவில் நன்றாக ஒட்டும். கோடீனும் அப்படித்தான், அதே நொதி அதில் ஒரு பங்கை மார்பினாக்குகிறது. ஹாலோபெரிடால் இந்த நொதியைத் தடுக்கும். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற ஃபுளுவாக்செடின், பாராக்செடின் இன்னும் பலமாகத் தடுக்கும். அப்படிப்பட்டவருக்கு டிராமடால் கொடுத்தால் வலி குறையாது, “இவர் நடிக்கிறார்” என்று பழி வரும். இன்னொன்று, டிராமடால் வலிப்பு வரும் வாசலைத் தாழ்த்தும். குளோர்புரோமசின், குளோசபின் மாதிரி மனநோய் மருந்துகளும் தாழ்த்தும். இரண்டும் சேர்ந்தால் வலிப்பு வர வாய்ப்பு கூடும். மருந்துக்கடைக்காரர் சொன்ன “வேலை செய்யாது” என்பது டிராமடாலுக்குச் சில இடங்களில் பொருந்தும். அதுவும் கல்லீரல் கதை, டோபமின் கதை இல்லை.

மார்பினுக்கு அந்த நொதி தேவையில்லை. அது வேறு வழியில் உடைந்து சிறுநீரகம் வழியாகப் போகிறது. அதனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையில் பெரியப்பாவின் கிரியேட்டினின் எவ்வளவு என்பதைத்தான் கவனிக்க வேண்டும். சிறுநீரகம் பழுது என்றால் மார்பினின் கழிவு தேங்கி மயக்கம், தசை துடிப்பு எல்லாம் வரும்.

அப்புறம், கிராமத்தில் வலி என்றால் போர்ட்வின் ஊசி போட்டுவிடுகிறார்கள். பென்டசோசின். அதை அவருக்குப் போட விடாதீர்கள். அது மியூவில் அரைகுறையாக ஒட்டும், மார்பினை அங்கிருந்து கிளப்பிவிட்டு வலியை ஏற்றிவிடலாம். கப்பா என்ற இன்னொரு ஏற்பியை அது தூண்டும். அதனால் சிலருக்கு இல்லாத உருவம் தெரியும், மனம் கலங்கும். மனச்சிதைவு உள்ளவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

முடிந்தால் அவர் சாப்பிடுகிற எல்லா மாத்திரையின் பெயரையும் இங்கே போடுங்கள். காஸ் மாத்திரை உட்பட.

பென்னாகரத்தான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அட்டையை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்து எழுதுகிறேன். ரிஸ்பெரிடோன் 4 மில்லிகிராம் இரவு. டிரைஹெக்சிஃபெனிடில் 2 மில்லிகிராம் காலை, இரவு. மார்பின் 10. பான்-டி என்ற காஸ் மாத்திரை காலையில் வெறும் வயிற்றில். மார்பின் ஆரம்பித்ததும் வாந்தி வந்ததால் வேறொரு இடத்தில் பெரினார்ம் மூன்று வேளை எழுதினார்கள். மலச்சிக்கலுக்கு ஒன்றும் தரவில்லை.

இன்னொன்று. கொஞ்ச நாளாக அவர் உட்கார்ந்த இடத்தில் உட்காருவதில்லை. திண்ணையிலிருந்து மாட்டுக்கொட்டகை, கொட்டகையிலிருந்து திண்ணை என்று ராத்திரியிலும் நடக்கிறார். நின்றாலும் கால் மாற்றி மாற்றி மிதிக்கிறார். வலி அடங்கவில்லை என்று நினைத்துப் பெரியம்மா ஒரு மார்பின் கூடுதலாகக் கொடுத்தார். தூங்கி விழுந்தார், விழித்ததும் மறுபடி நடை. முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

ஓசூர் மெடிக்கல்ஸ் எழுதியது:

அண்ணா, இதுதான் நான் பயந்தது. அவர் சீட்டில் டோபமினைத் தடுக்கிற மருந்து ஒன்றில்லை, மூன்று. ரிஸ்பெரிடோன் ஒன்று. பான்-டியில் இருக்கிற டி எழுத்து டோம்பெரிடோன், அது இரண்டாவது. பெரினார்ம் என்பது மெட்டோகுளோபிரமைட், அது மூன்றாவது. மூன்றும் டி2 ஏற்பியைத்தான் அடைக்கின்றன. எழுதியவர்கள் மூன்று வெவ்வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் சீட்டை ஒருவர் பார்க்கவில்லை.

மருந்தியல்_அரூர் எழுதியது:

அந்த நடை எனக்கு வலியாகத் தெரியவில்லை, அகதீசியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். டோபமின் அளவுக்கு மேல் தடுக்கப்பட்டால் வருகிற அடங்காத தவிப்பு. உள்ளுக்குள் உந்திக்கொண்டே இருக்கும், உட்கார முடியாது. அதற்கு மார்பின் மருந்து இல்லை. மார்பினை ஏற்றினால் தூக்கம் ஏறும், தவிப்பு அப்படியே இருக்கும். அதைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நேரில் பார்த்து டாக்டர்தான் உறுதி செய்ய வேண்டும், ஆனால் இதைச் சொல்லியே காட்டுங்கள்.

கணக்கைக் கொஞ்சம் விளக்குகிறேன். மூளையின் டி2 ஏற்பிகளில் சுமார் 65 சதவீதம் அடைபட்டால் மனநோய் அறிகுறி அடங்க ஆரம்பிக்கும். 80 சதவீதத்தைத் தாண்டினால் நடுக்கம், இறுக்கம், தவிப்பு எல்லாம் பெருகும். நடுவில் இருக்கிற இடம் குறுகலானது. ரிஸ்பெரிடோனை அந்த இடத்தில் பல வருடமாக டாக்டர் நிறுத்தி வைத்திருந்தார். மெட்டோகுளோபிரமைட் மூளைக்குள் போகும். மூன்று வேளை போனால் அது எல்லையைத் தாண்டித் தள்ளிவிடும். டோம்பெரிடோன் மூளைக்குள் பெரிதாகப் போகாது, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு அதைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் க்யூடி என்ற இடைவெளியை நீட்டும். ரிஸ்பெரிடோனும் கொஞ்சம் நீட்டும். வாந்தியில் பொட்டாசியம் இறங்கியிருந்தால் இன்னும் மோசம். ஒரு இ.சி.ஜி. எடுப்பது நல்லது. மார்பின் இந்த விஷயத்தில் சாது. ஓபியாய்டுகளில் க்யூடியை அதிகம் நீட்டுவது மெத்தடோன்.

வாந்தி ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். மூளைத்தண்டின் அடியில், அந்தத் தடுப்புக்கு வெளியே, ரத்தத்தை மோப்பம் பிடிக்கிற ஒரு சின்னப் பகுதி உண்டு. மார்பின் அதைத் தூண்டுகிறது, அங்கே டோபமின் டி2 வழியாகத்தான் வாந்திச் செய்தி கிளம்புகிறது. அதனால்தான் மார்பின் வாந்திக்கு டோபமின் தடுப்பு மருந்து கொடுக்கிறார்கள். வலி நிவாரண சிகிச்சையில் ஹாலோபெரிடாலை மிகக் குறைந்த அளவில் இதற்காகவே பயன்படுத்துகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில், வலி நிவாரணப் பகுதியில் மார்பினும் இருக்கிறது, ஹாலோபெரிடாலும் இருக்கிறது. ஆக, இந்த இரண்டு வகையும் சேர்வது இயல்பான ஒன்று. பெரியப்பாவுக்கு ஏற்கெனவே ரிஸ்பெரிடோன் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்போது அதற்கு மேல் இன்னொன்று, இன்னொன்று என்று ஏறியதுதான் சிக்கல். மார்பின் வாந்தி பலருக்கும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே அடங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காவேரிப்பட்டினம் சிஸ்டர் எழுதியது:

முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்று எழுதினீர்களே தம்பி, அதைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. இந்த மருந்துகளில் வருடக்கணக்காக இருக்கிறவர்கள் சிலருக்கு முகத் தசை இறுகி, பாவனை குறைந்துவிடும். வலி உள்ளே கொதிக்கும், முகம் காட்டாது. “முகத்தில் வலி இல்லையே” என்று எழுதிவிட்டுப் போகிற டாக்டர்களையும் பார்த்திருக்கிறேன். வேறு இடத்தில் பாருங்கள். களியை உருட்டி வாய்வரை கொண்டுபோய்த் திரும்ப வைக்கிறாரா, எச்சிலை விழுங்காமல் வடிய விடுகிறாரா, ஒரு கன்னத்தைக் கையால் தாங்கியே இருக்கிறாரா, அந்தப் பக்கம் படுக்க மறுக்கிறாரா. மார்பின் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து இவை குறைந்தால் அது வலி. கால் மாற்றி மிதிப்பது மட்டும் குறையாமல் இருந்தால் அது அந்த அகதீசியா தவிப்பு.

மலச்சிக்கலுக்கு ஒன்றும் தரவில்லை என்பது பெரிய தவறு. மார்பின் குடலை நிறுத்தும், டிரைஹெக்சிஃபெனிடிலும் நிறுத்தும். வாந்தி பழகிப் போகும், தூக்கம் பழகிப் போகும், மலச்சிக்கல் பழகவே பழகாது. மார்பின் உள்ளவரை பேதி மாத்திரை வேண்டும், முதல் நாளிலிருந்தே. சிறுநீர் சரியாகப் போகிறதா என்றும் கேளுங்கள், இந்த இரண்டு மருந்தும் அதையும் அடைக்கும்.

மக்களைத் தேடி மருத்துவம் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் வலி நிவாரண நர்ஸ் வீட்டுக்கு வருவது உண்டு, உங்கள் மாவட்டத்திலும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

பாலக்கோடு_மார்க்கெட் எழுதியது:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என் தம்பி டேபன்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற கூட்டத்தில் மாட்டிக்கொண்டான். இப்போது மறுவாழ்வு சிகிச்சையில் இருக்கிறான். மேலே படித்ததும் ஒரு கேள்வி. போதை டோபமின் வழியாகத்தான் என்றால், டோபமினைத் தடுக்கிற மாத்திரையைக் கொடுத்துவிட்டால் போதை ஏறாது, ஆசையும் போய்விடும் அல்லவா? ஏன் அதைக் கொடுக்காமல், புப்ரெனார்ஃபின் என்று இன்னொரு ஓபியாய்டையே கொடுக்கிறார்கள்? அப்பா இதைக் கேட்டுக் கோபமாக இருக்கிறார்.

மருந்தியல்_அரூர் எழுதியது:

நல்ல கேள்வி அண்ணா. அப்பாவின் கோபமும் புரிகிறது.

ஓபியாய்டின் இன்பம் முழுக்க டோபமின் வழியாக வருவதில்லை. 1984-ல் எலிகளில் ஒரு சோதனை. மூளையில் நாட்டம் பிறக்கும் இடத்தில் டோபமின் நரம்பு நுனிகளை அழித்துவிட்டார்கள். கோக்கைன் எடுத்துக்கொண்டிருந்த எலிகள் அதை எடுப்பது வெகுவாகக் குறைந்தது. ஹெராயின் எடுத்துக்கொண்டிருந்தவை தொடர்ந்து எடுத்தன. மியூ ஏற்பி அதே இடத்தில் நேரடியாகவும் வேலை செய்கிறது, டோபமின் இல்லாமலே. மடையை அடைத்தாலும் ஓபியாய்டுக்கு வேறு வழி இருக்கிறது.

டோபமின் தடுப்பு மருந்து கொடுத்தால் அன்றாட வாழ்க்கையின் சின்னச் சின்ன ஆசையும் மங்கும். சாப்பாடு, நண்பர்கள், வேலை எதிலும் பிடிப்பில்லாமல் போகும். ஏற்கெனவே போதையை விட்டவனுக்கு உலகம் சப்பென்றுதான் இருக்கிறது, அதை இன்னும் சப்பென்று ஆக்குவதில் பயனில்லை. சிகிச்சையை விட்டு ஓடுவான். அதைவிடப் பயங்கரம், போதை சரியாக ஏறவில்லை என்று அளவைக் கூட்டுவான். மூச்சு மையத்துக்கு டோபமின் கணக்கு தெரியாது. இன்பம் குறைந்தாலும் மூச்சு முழு அளவுக்கு அடங்கும். உயிர் போவது அப்படித்தான்.

மாத்திரையை விட்டதும் வருகிற கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, உடல் முறுக்கு எல்லாம் பெரும்பாலும் நார்அட்ரினலின் என்ற இன்னொரு வேதிப்பொருள் கட்டவிழ்வதால் வருவது. அதற்குக் குளோனிடின் என்ற மருந்து உதவும், டோபமின் தடுப்பு உதவாது. புப்ரெனார்ஃபின் மியூவிலேயே உட்கார்ந்து, அரைத் தூண்டலோடு நிற்கிறது. முறுக்கு வராது, ஆசை தணியும், அதற்கு மேல் ஊசி போட்டாலும் இடம் இருக்காது. மூச்சை அமுக்குவதிலும் அதற்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது. அப்பாவிடம் சொல்லுங்கள், தம்பி இன்னொரு போதைக்கு மாறவில்லை, சிகிச்சையில் இருக்கிறான். அதோடு சாராயமோ தூக்க மாத்திரையோ சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு_மார்க்கெட் எழுதியது:

இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். ரொம்ப நன்றிங்க.

காவேரிப்பட்டினம் சிஸ்டர் எழுதியது:

பாலக்கோடு தம்பி, ராத்திரி யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் 14416. அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசலாம். தம்பிக்கு மட்டுமில்லை, அப்பாவுக்கும்தான்.

பென்னாகரத்தான் எழுதியது:

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். எல்லா அட்டையையும் ஒரே பையில் போட்டு மேசைமேல் கொட்டினேன். நிற்கச் சொல்லி, நடக்கச் சொல்லி, மணிக்கட்டை மடக்கிப் பார்த்துவிட்டு அகதீசியா என்றே சொன்னார். பெரினார்மை நிறுத்திவிட்டார். பான்-டிக்குப் பதில் டி இல்லாத மாத்திரை. ரிஸ்பெரிடோன் அப்படியே தொடரட்டும், மனநலப் பிரிவில் அளவை ஒருமுறை பார்க்கச் சொல்கிறேன் என்று அவரே சீட்டில் எழுதினார். மார்பின் அதே அளவு, கூடுதலாகக் கொடுக்க வேண்டுமென்றால் எப்போது, எவ்வளவு என்று பெரியம்மாவுக்குத் தனியாக விளக்கினார்கள். பேதி மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. இ.சி.ஜி. சரியாக இருக்கிறது.

ஆள் இப்போது திண்ணையில் உட்காருகிறார். நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கினார், எழுப்பினால் எழுகிறார். மாமா மட்டும் இன்னும் நம்பவில்லை, மூச்சை அவரே எண்ணிக்கொண்டிருக்கிறார்.

வாந்தி திரும்ப வந்தால் என்ன கொடுப்பது என்று கேட்க மறந்துவிட்டேன்.

மருந்தியல்_அரூர் எழுதியது:

மாமா எண்ணட்டும், அது நல்லதுதான்.

வாந்தி வந்தால் அதே டாக்டரிடமோ வீட்டுக்கு வரும் நர்ஸிடமோ கேட்டுவிட்டுத்தான் எதையும் கொடுக்க வேண்டும். ஓன்டான்செட்ரான் டோபமினைத் தொடாது, செரட்டோனினைத் தடுப்பது. ஆனால் மலச்சிக்கலைக் கூட்டும், க்யூடியையும் கொஞ்சம் நீட்டும். அதனால் அதையும் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். மலம் இறுகியிருந்தாலே வாந்தி வரும், அதை முதலில் பாருங்கள்.

காரிமங்கலம்_செல்வி எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு அம்மாவின் மாத்திரையை எடுத்துப் பார்த்தேன். அம்மாவுக்கு மனநோய் எதுவும் இல்லை. நெஞ்செரிச்சலுக்கு ஒரு காஸ் மாத்திரை ரொம்ப நாளாகப் போகிறது, அதில் லெவோசல்பிரைடு என்று போட்டிருக்கிறது. தலைசுற்றலுக்கு ஸ்டெமெட்டில் அவ்வப்போது. இப்போது முதுகு வலிக்கு டிராமடால் கலந்த மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்குச் சில மாதமாகக் கை நடுங்குகிறது, நடை சிறுத்துவிட்டது. வயசு என்று விட்டுவிட்டோம். இதுவும் அந்த வகையா?

ஓசூர் மெடிக்கல்ஸ் எழுதியது:

ஆமாம் அக்கா, அதே வகைதான். லெவோசல்பிரைடும் டி2 தடுப்பு, ஸ்டெமெட்டில் என்கிற புரோகுளோர்பெராசினும் டி2 தடுப்பு. இரண்டும் மூளைக்குள் போகும். வயதானவர்களுக்குப் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகளையே அப்படியே கொண்டுவரும். சீக்கிரம் கண்டுபிடித்து மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரம், சில மாதத்தில் குறையும். டிராமடால் சேர்ந்தால் தள்ளாட்டமும் மயக்கமும் கூடி விழுந்துவிடுவார்கள். இந்த வாரமே அட்டைகளோடு பொது மருத்துவரிடமோ நரம்பியல் டாக்டரிடமோ காட்டுங்கள். நடுக்கம் எப்போது ஆரம்பித்தது, காஸ் மாத்திரை எப்போது ஆரம்பித்தது, இரண்டு தேதியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதைப் பார்த்தாலே டாக்டருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.